சின்ன வெல்டிங் வேலையை யாரிடம் கொடுப்பது?

ஒடிந்த கேட் கீல், விட்டுப்போன நாற்காலிக் கால், கைப்பிடி கழன்ற இரும்புப் பெட்டி, விரிசல் விட்ட மெஷின் அடிப்பாகம். எதை எடுத்தாலும் ஆர்க், அதாவது உலோகத்தை உருக்கும் மின்பொறி, எரியும் நேரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேர வேலை இருக்கிறது. பெயிண்டைச் சுரண்ட வேண்டும், துருவை எடுக்க வேண்டும், உடைந்த துண்டுகளை நேராக நிறுத்திக் கவ்வ வேண்டும், மெஷினில் ஆம்பியரை மாற்ற வேண்டும், ஒட்டு ஆறிய பிறகு கசடைத் தட்டித் தேய்க்க வேண்டும். பட்டறைக்காரர்கள் சின்ன வேலையைத் தட்டிக்கழிப்பதும், எடுத்துக்கொண்டால் நாம் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கூலி கேட்பதும் இந்த அரை மணி நேரத்தால்தான். அதனால் ஆள் தேடும்போது முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. இந்த உலோகத்தை ஒட்டத் தெரிந்த கையும் அதற்கான மெஷினும் யாரிடம் இருக்கின்றன? அந்த அரை மணி நேர வேலையைச் செய்யப்போவது நீங்களா, அவரா?

கையில் இருப்பது என்ன உலோகம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஆள் தேடினால் பாதி அலைச்சல் வீண். ஒரு காந்தம், ஒரு அரம், ஒரு வெர்னியர் போதும்.

காந்தம் இறுக ஒட்டினால் அது பெரும்பாலும் சாதாரண இரும்பு அல்லது வார்ப்பிரும்பு. இந்த இரண்டையும் பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் ஒட்டும் முறை முற்றிலும் வேறு. உடைந்த முகத்தைப் பாருங்கள்: வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் குறுணை குறுணையாக இருக்கும், வளையாமல் படக்கென்று உடைந்திருக்கும். மறைவான ஓரிடத்தில் சிறிய துளை போட்டால், சாதாரண இரும்பு சுருள் சுருளாக வரும். வார்ப்பிரும்பு தூளாக உதிரும். காந்தம் ஒட்டவில்லை, ஆனால் கனமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் 304 அல்லது 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வளைத்த இடங்களில் மட்டும் அதிலும் காந்தம் லேசாக இழுக்கும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காந்தமும் ஒட்டவில்லை, தூக்கினால் லேசாகவும் இருக்கிறது என்றால் அலுமினியம். அதன் எடை இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அலுமினியம் மாதிரியே வெளிறிய நிறம், ஆனால் கையில் கனக்கிறது, உடைந்த இடம் வார்த்தது போல் இருக்கிறது என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். கதவுக் கைப்பிடி, பழைய பூட்டு உடல், பொம்மை வண்டிச் சட்டம் எல்லாம் இந்தக் கலவையில் வரும். 400 டிகிரி செல்சியஸை எட்டும் முன்பே உருகிவிடும். எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோனாலும் குழம்பாகத்தான் திரும்பி வரும். புதிதாக வாங்குவதோ, எபாக்சி வைப்பதோதான் வழி.

வழவழப்பான சாம்பல் பூச்சோ, பூப்பூவான படிகக் கோலமோ தெரிந்தால் அது ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. இதை ஒட்டலாம், ஆனால் பூச்சை எடுத்துவிட்டுத்தான். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. இரும்போ 1,500 டிகிரிக்கு அருகில்தான் உருகும். ஒட்டு உருவாகும் முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடும். அந்தப் புகையை மூச்சில் இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் அன்று இரவு, குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஒட்டின் உள்ளேயும் அதே ஆவி சிக்கி ஓட்டை ஓட்டையாகிவிடும்.

அடுத்தது தடிமன். வெர்னியரில் அளந்து மி.மீ. கணக்கில் சொல்லுங்கள், ‘கொஞ்சம் மெல்லிசு’ என்றால் வெல்டருக்கு எதுவும் புரியாது. 3 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் சாதாரண ராடு வெல்டிங், அதாவது பூச்சுள்ள கம்பியைக் கையால் பிடித்து எரித்து ஒட்டுவது, தாராளமாகப் போதும். 1.6 முதல் 3 மி.மீ. வரை ராடில் செய்யலாம், ஆனால் கை தேர்ந்தவர் வேண்டும். 1.6 மி.மீட்டருக்குக் கீழே, அதாவது 16 கேஜுக்கும் மெல்லிய தகடு, குழாய் என்றால் ராடு பொத்துக்கொண்டு போகும் வாய்ப்பே அதிகம். அதற்கு மிக் (மெல்லிய கம்பி தானாக ஓடிவரும் வெல்டிங்) அல்லது டிக் (ஆர்கான் வெல்டிங்) மெஷின் உள்ள இடத்தைத் தேடுங்கள். மலிவு விலை நாற்காலி, துணி காயப்போடும் ஸ்டாண்டு, சைக்கிள் சட்டம் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றைக் கனமான ராடு வேலை மட்டுமே செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோவதுதான் பலரும் செய்யும் தவறு. அங்கே கை சரியில்லை என்பதல்ல, கருவி பொருந்தாது.

கேட், கிரில் செய்யும் பட்டறை

பெரும்பாலான சின்ன வேலைகளுக்கு முதலில் போக வேண்டிய இடம் இதுதான். இரும்புச் சட்டம், ஆங்கிள், ஃபிளாட், சதுரக் குழாய் ஆகியவற்றோடு தினமும் புழங்குபவர்கள். ராடு வெல்டிங் மெஷின் நிச்சயம் இருக்கும். பல இடங்களில் மிக் மெஷினும் இருக்கும், அதைச் சி.ஓ.டூ வெல்டிங் என்று சொல்வார்கள். வெட்டுத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடப்பது இன்னொரு வசதி. உங்கள் ஒடிந்த கீலுக்கு ஒரு சின்ன தாங்கு தகடு வேண்டுமென்றால் அந்தக் குவியலிலேயே கிடைத்துவிடும்.

பலவீனம் இரண்டு. ஒன்று, நுணுக்கம். 5 மி.மீ. சட்டத்துக்குப் பழகிய கை மெல்லிய தகட்டிலும் அதே வேகத்தில் போகும். இரண்டு, அளவு. கேட் வேலையில் 2 மி.மீ. கோணல் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு மெஷின் பாகத்தில் 2 மி.மீ. விலகினால் மறுபடி பொருந்தாது. ஒட்டு ஆறும்போது சுருங்கி, துண்டைத் தன் பக்கம் இழுக்கும். இது இயற்கை, யார் செய்தாலும் நடக்கும். அதைச் சமாளிக்க, முதலில் நான்கைந்து இடத்தில் டேக், அதாவது துண்டுகளை நகராமல் பிடிக்கும் பொட்டு ஒட்டு, வைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். அவசரத்தில் ஒரே பக்கமாக இழுத்துவிட்டால் கோணல் உறுதி. அளவு முக்கியமான வேலை என்றால், ‘டேக் வைத்ததும் நிறுத்துங்கள், அளந்து பார்த்துவிட்டு மேலே போகலாம்’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். டேக்கை உடைத்து மறுபடி வைக்க ஒரு நிமிடம் போதும். முழு ஒட்டை வெட்டி எடுப்பதற்கு முழு வேலையையும் மறுபடி செய்ய வேண்டும்.

மெஷின் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் பட்டறையில் சின்ன வேலைக்கு இடைவெளிதான் வழி. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் நேரம் எப்போது என்று கேட்டு அப்போது போங்கள். உடனே வேண்டும் என்று நின்றால் மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்துவிடுவார்கள். பொருளை விட்டுவிட்டு மறுநாள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னால் பொறுமையாகச் செய்வார்கள்.

இடத்துக்கே வந்து செய்பவர்

சுவரில் பதிந்த கேட், மாடிக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு எல்லாம் கழற்றிக்கொண்டு போக முடியாதவை. ஆள்தான் வர வேண்டும். இன்றைய இன்வெர்ட்டர் மெஷின்கள் ஐந்தாறு கிலோதான் இருக்கும், தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் கூலியில் பெரும்பகுதி வந்துபோகும் நேரத்துக்கும் கருவிகளை இறக்கி ஏற்றுவதற்குமே போகும். அதனால் ஒரே ஒரு ஒட்டுக்காகக் கூப்பிடாதீர்கள். வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆடுகிற கொக்கி, துரு தின்ற கீல், கழன்ற தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். ஐந்து ஒட்டும் ஒரே வருகையில் முடிந்தால் ஒவ்வொன்றுக்கும் விழும் செலவு வெகுவாகக் குறையும்.

அவர் வருவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். 2.5 மி.மீ. ராடு 60 முதல் 90 ஆம்பியரில் ஓடும். அதற்கு மெஷின் இழுக்கும் மின்சாரம் விளக்கு, மின்விசிறி மாட்டும் சாதாரண பிளக்குக்கு அதிகம். 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நீட்டிப்பு வயர் போட்டால் 2.5 சதுர மி.மீ. செம்புக்குக் குறையக் கூடாது, அதையும் முழுக்க விரித்துப் போட வேண்டும். சுருட்டி வைத்த வயர் சூடேறி உறை உருகும். மெல்லிய நீள வயரில் மின்னழுத்தம் இறங்கிவிடும். ஆர்க் அணைந்து அணைந்து எரியும், ராடு ஒட்டிக்கொள்ளும், பழி வெல்டர் தலையில் விழும்.

திறந்தவெளியில் ராடு வெல்டிங்தான் சரி. ராடின் மேற்பூச்சு எரிந்து தானே ஒரு புகைத் திரையைக் கொடுத்து உருகிய உலோகத்தைக் காக்கிறது. மிக், டிக் இரண்டிலும் காப்பது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. விநாடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று, அதாவது முகத்தில் லேசாக உணரும் தென்றல், அதை ஊதித் தள்ளிவிடும். ஒட்டு நுரைபோல் ஓட்டையாகும். மாடியில் நின்று மிக் வெல்டிங் செய்யப்போகிறார் என்றால் காற்றுக்கு மறைப்பு கேளுங்கள். காக்கும் பொடியை உள்ளே அடைத்த, வாயு தேவைப்படாத ஃப்ளக்ஸ் கம்பி போட்ட மெஷின் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

தீயைப் பற்றி இரண்டு பேரும் கவலைப்பட வேண்டும். பொறி 10 மீட்டர் தள்ளியும் போய் விழும்; மாடியிலிருந்து விழுந்தால் இன்னும் தூரம். காய்ந்த இலை, மரத்தூள், மெத்தை, பெட்ரோல் வண்டி எதுவும் அந்த வட்டத்தில் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீரும் ஈரச் சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம் அந்த இடத்தில் கண் வைத்திருங்கள். மரத்தூளில் விழுந்த பொறி உடனே பற்றாது, கனன்று கனன்று பிறகுதான் எரியும். கண்ணாடியும் டைல்ஸும் பொறி பட்டால் கரும்புள்ளி விழுந்து போகாத தழும்பாகிவிடும், நனைத்த துணியால் மூடி வையுங்கள்.

லேத் பட்டறையும் டிக் வேலை செய்பவர்களும்

ஸ்டெயின்லெஸ், அலுமினியம், வார்ப்பிரும்பு, மெஷின் பாகம் என்றால் இங்கே வாருங்கள். டிக் வெல்டிங்கை ஆர்கான் வெல்டிங் என்றே பலரும் அறிவார்கள். மெதுவான வேலை, கூலியும் அதிகம், ஆனால் 1 மி.மீ. தகட்டில்கூடப் பொத்தாமல், பொறி தெறிக்காமல் ஒட்டலாம். ஒட்டிய பிறகு கடைந்து அளவுக்குக் கொண்டுவர லேத்தும் அங்கேயே இருக்கும்.

எல்லா டிக் மெஷினும் அலுமினியத்துக்கு ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோலோ 2,000 டிகிரிக்கும் மேல்தான் உருகும். தோலை உடைக்காமல் சூடேற்றினால் உள்ளே எல்லாம் உருகி, மேலே தோல் நின்று, கடைசியில் மொத்தமும் தொப்பென்று விழும். ஏ.சி. மின்சாரம் திசை மாறி மாறிப் பாயும்போது அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டே போகும். ஆகவே போனில் கேட்க வேண்டிய கேள்வி ‘ஆர்கான் வெல்டிங் இருக்கிறதா’ என்பதல்ல, ‘ஏ.சி. டிக் இருக்கிறதா, அலுமினியம் செய்கிறீர்களா’ என்பது.

இந்த வகை வேலைகளில் ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: ‘எந்த ராடு போடுவீர்கள்?’ 304 ஸ்டெயின்லெஸ் என்றால் 308எல் என்று பதில் வர வேண்டும், 316 என்றால் 316எல். ஸ்டெயின்லெஸ்ஸைச் சாதாரண இரும்போடு சேர்ப்பதென்றால் 309எல். அலுமினியத்துக்கு 4043 அல்லது 5356 கம்பி. வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடு, அல்லது பித்தளை வைத்துப் பற்றவைப்பது. எண்ணை அப்படியே சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ‘அதற்குத் தனி ராடு இருக்கிறது’ என்றாவது சொல்ல வேண்டும். ‘எல்லாவற்றுக்கும் இதே ராடுதான்’ என்று சாதாரண இரும்புக்கான 6013 ராடு பாக்கெட்டைக் காட்டினால், கீலுக்கும் கேட்டுக்கும் அவர் நல்ல ஆள்தான், ஆனால் இந்த வேலைக்கு அல்ல.

வார்ப்பிரும்பைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போகும் வேலைகளில் இதுதான் அதிகம். வார்ப்பிரும்பில் கார்பன் 2.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது. ஒட்டின் ஓரத்தில் அது வேகமாக ஆறும்போது கண்ணாடிபோல் கெட்டியாகி உடையக்கூடியதாகிறது. சுருங்கும் இழுப்பைத் தாங்காமல் ஒட்டுக்குப் பக்கத்திலேயே ‘டிக்’ என்ற சத்தத்தோடு புது விரிசல் விழும். தெரிந்தவர் செய்யும் முறை இப்படி இருக்கும். விரிசலின் இரு முனையிலும் 3 மி.மீ. துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவார். விரிசல் நெடுக வி வடிவில் பள்ளம் எடுப்பார். ஊறிய எண்ணெயைச் சூடுகாட்டி எரித்து வெளியேற்றுவார். நிக்கல் ராடில் 25 மி.மீ. நீளத்துக்கு மட்டும் ஒட்டி, சூடு குறையுமுன் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுப்பார், கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு அடுத்த 25 மி.மீட்டரைத் தொடங்குவார். முடிந்ததும் உலர்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மெல்ல ஆறவிடுவார். இதில் எதையுமே சொல்லாமல் ‘பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன்’ என்பவரிடம் வார்ப்பிரும்பைக் கொடுக்காதீர்கள். முதல் முயற்சியில் கெட்டதை இரண்டாவது ஆள் சரிசெய்வது, உடைந்ததை நேராகக் கொண்டுபோவதைவிடப் பல மடங்கு கடினம். பழைய ஒட்டு முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் கவனிக்க வேண்டியது வேறு. சாதாரண இரும்பைத் தேய்த்த கிரைண்டர் வீலையோ கம்பி பிரஷ்ஷையோ அதன்மேல் வைத்தால் இரும்புத் துகள் பதிந்து, சில வாரத்தில் அந்த இடம் மட்டும் துருப்பிடிக்கும். ‘எஸ்.எஸ். வேலைக்குத் தனி பிரஷ் வைத்திருக்கிறீர்களா’ என்று கேளுங்கள். ஒட்டைச் சுற்றி விழும் நீலமும் பழுப்புமான நிறமும் அழகல்ல, அங்கே துருவைத் தடுக்கும் சக்தி குறைந்துவிட்டது என்பதன் அடையாளம். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலக் களிம்பு போட்டோ பாலிஷ் செய்தோ எடுக்கச் சொல்ல வேண்டும்.

வண்டி பட்டறை

சைலன்சர், மட்கார்டு, ஸ்டாண்டு போன்ற மெல்லிய வண்டித் தகடுகளுக்கு வண்டி பாடி வேலை செய்பவர்களே சிறந்தவர்கள். 0.8 மி.மீ. கம்பி ஓடும் மிக் மெஷின் அவர்களிடம் இருக்கும், மெல்லிய தகடு அவர்களுக்குத் தினசரிப் பழக்கம். மெல்லிய குழாயில் செய்த நாற்காலியைக்கூட கேட் பட்டறையைவிட இவர்களிடம் கொடுப்பது நல்லது. வண்டியிலேயே வைத்து ஒட்டுவதானால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப், அதாவது மின்சாரம் மெஷினுக்குத் திரும்பும் வயரின் கவ்வி, ஒட்டும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். வேறெங்கோ எர்த் கொடுத்தால் மின்சாரம் சக்கர பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் பொட்டுப் பொட்டாகக் குழி விழும்.

பழக்கமானவர், பயிற்சி நிலையம்

மெஷின் வைத்திருக்கும் நண்பரோ, வெல்டிங் கற்பிக்கும் பயிற்சி நிலையமோ கூலிப் பேச்சில்லாமல் செய்து தரலாம். பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு வைக்கும் ரேக், கருவிப் பெட்டி போல, உடைந்தாலும் ஆளுக்கு ஆபத்தில்லாத வேலைகளுக்கு இது போதும். பயிற்சி நிலையத்தில் ஒரு நன்மை, ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு குறை, எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. ராடையும் தேய்க்கும் வீலையும் நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுவது மரியாதை.

நீங்களே மெஷின் வாங்குவது

ஒரே ஒரு வேலைக்காக வாங்காதீர்கள். மெஷின் மட்டும் போதாது: தானாக இருளும் ஹெல்மெட், தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, கிரைண்டர், வெட்டும் வீல், தேய்க்கும் வீல், கசடு தட்டும் சுத்தியல், கம்பி பிரஷ், நான்கு கிளாம்ப், ராடு. எல்லாம் சேர்ந்தால் மெஷின் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு தொகை வந்துவிடும். அதன் பிறகு கை பழக இரண்டு மூன்று கிலோ ராடை வெறும் துண்டுகளில் எரிக்க வேண்டும். ஆண்டுக்கு ஐந்தாறு வேலை வந்துகொண்டே இருக்கிறது, 3 மி.மீ. தடிமனுக்கு மேல்தான் வேலை, கற்கவும் ஆசை என்றால் மட்டும் வாங்குங்கள். அப்போது 160 அல்லது 200 ஆம்பியர் இன்வெர்ட்டரும், 2.5 மி.மீ. 6013 ராடும், 10ஆம் எண் நிழல் (கண்ணாடியின் இருள் அளவு) உள்ள ஹெல்மெட்டும் தொடக்கத்துக்குச் சரி. மெல்லிய குழாயில் கற்கத் தொடங்காதீர்கள். பொத்தலை அடைப்பதிலேயே பொறுமை தீர்ந்துவிடும்.

கிரைண்டரை மட்டும் வாங்குவது பலருக்கும் நல்ல நடுவழி. சுத்தம் செய்வதும் பொருத்துவதும் உங்கள் கை, ஒட்டுவது பட்டறையின் கை. அரை மணி நேரத்தில் இருபது நிமிடத்தை நீங்கள் எடுத்துக்கொண்டால், சின்ன வேலையை மறுக்கும் பட்டறையும் ‘கொடுங்கள், வைத்துத் தருகிறேன்’ என்று கை நீட்டும்.

கொண்டுபோகும் முன் செய்ய வேண்டியது

உடைந்த இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 25 மி.மீ. வரை பெயிண்ட், துரு, கிரீஸ் எதுவுமில்லாமல் பளபளக்கும் உலோகம் தெரிய வேண்டும், ஜி.ஐ. என்றால் 50 மி.மீ. வரை. எர்த் கிளாம்ப் கவ்வ இன்னொரு இடத்திலும் இப்படிச் சுரண்டி வையுங்கள், இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கிரீஸை எடுக்க குளோரின் கலந்த பிரேக் கிளீனரைத் தொடவே கூடாது. ஆர்க்கின் வெளிச்சமும் சூடும் பட்டால் அதன் ஆவியிலிருந்து ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். அறையில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அசிட்டோனோ, சோப்புத் தண்ணீரோ போட்டுத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள்.

உடைந்த முகத்தைத் தேய்க்காதீர்கள். இரண்டு துண்டும் கச்சிதமாகப் பொருந்த அந்த முகம்தான் ஆதாரம். 6 மி.மீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் வி பள்ளம் வேண்டும், ஆனால் அடியில் 2 மி.மீ. அளவுக்குப் பழைய முகத்தை விட்டுவிட்டு மேலே மட்டும் சாய்க்க வேண்டும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்து, இரண்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு கீறி வைத்தால் பட்டறையில் திருப்பி வைத்துக் குழம்ப மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பர், மரம், பேரிங், வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரு முனையும் மூடிய குழாய் என்றால் ஒரு சிறிய காற்றுத் துளை போட வேண்டும். உள்ளே சூடேறும் காற்று வெளியேற வழியில்லாவிட்டால் ஒட்டைக் கடைசியாக மூடும் நேரத்தில் உருகிய உலோகத்தை வெளியே பீய்ச்சும்.

போனில் பேசுவதென்றால் மூன்று படம் அனுப்புங்கள்: முழுப் பொருள் ஒன்று, உடைந்த இடம் அருகில் ஒன்று, அளவுகோலை வைத்து ஒன்று. கூடவே உலோகம், தடிமன், என்ன பாரம் தாங்குகிறது என்று ஒரு வரி. பொருளின் பயன்பாட்டைச் சொல்லாமல் விடாதீர்கள். பூந்தொட்டி தொங்கும் கொக்கியும் ஊஞ்சல் தொங்கும் கொக்கியும் பார்வைக்கு ஒன்றுதான். ஒட்டில் இரண்டும் ஒன்றல்ல.

யாரிடமும் கொடுக்கக் கூடாதவை

எரிவாயு சிலிண்டர், காற்று கம்ப்ரசர் தொட்டி, பிரஷர் குக்கர் உடல். இவற்றில் அழுத்தம் இருக்கிறது. சின்னப் பட்டறை ஒட்டு அதற்குப் பொறுப்பேற்க முடியாது. பெட்ரோல், டீசல், தின்னர் இருந்த டிரம், தொட்டி: காலியாக, கழுவி, மாதக்கணக்கில் கிடந்திருந்தாலும் மடிப்பில் தங்கியிருக்கும் மிச்சம் சூட்டில் ஆவியாகி வெடிக்கும். இதில் உயிர்ப்பலி நேர்கிறது. பாரம் தூக்கும் சங்கிலி, கொக்கி, வண்டியின் பட்டை வில், ஸ்டீயரிங் பாகம், அலாய் வீல்: இவை பதப்படுத்திய உலோகம். ஒட்டும் சூட்டில் பதம் போய்விடும், அல்லது ஓரம் கெட்டியாகி விரிசல் விடும். அரம் கடிக்காமல் வழுக்கினால் அது பதப்படுத்திய எஃகு என்று புரிந்துகொள்ளலாம்.

அலுமினிய ஏணியும் அலுமினிய சைக்கிள் சட்டமும் இந்தப் பட்டியலில் சேரும். 6061 போன்ற பதப்படுத்திய கலவையில், ஒட்டுக்கு அருகில் வலிமை ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்துவிடுகிறது. மறுபடி உலையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் திரும்ப வரும். ஒட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதன் பக்கத்தில்தான் உடையும், அதுவும் மேல்படியில் ஆள் நிற்கும்போது.

மாடிக் கைப்பிடி, ஊஞ்சல், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு போல ஆளின் உயிர் நம்பியிருக்கும் வேலைகளை ஒட்டலாம், ஆனால் தேர்ந்த ஆளிடம் மட்டும். இங்கே சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. ஏ.எஸ்.எம்.இ., ஏ.டபிள்யூ.எஸ். போன்ற அமெரிக்கத் தர அமைப்புகளின் முறைப்படி நடக்கும் தகுதித் தேர்வில் 3ஜி என்றால் செங்குத்தாக, 4ஜி என்றால் தலைக்கு மேலே, 6ஜி என்றால் 45 டிகிரி சாய்ந்த குழாயில் ஒட்டிக் காட்டியவர் என்று பொருள் கொள்ளலாம். சுவரில் நிற்கும் பொருளுக்குச் செங்குத்து ஒட்டு தெரிந்திருக்க வேண்டும்; மேசைமேல் அழகாக ஒட்டும் எல்லாருக்கும் அது வராது.

வாங்கும்போது பாருங்கள்

பெயிண்ட் அடிக்கும் முன் பாருங்கள். அடித்துவிட்டால் எதுவும் தெரியாது. கசடு முழுக்கத் தட்டப்பட்டிருக்க வேண்டும். ஒட்டு இரண்டு பக்க உலோகத்திலும் வழுக்கிப் பரவிக் கலந்திருந்தால் நல்லது. எண்ணெய்த் தாளில் விழுந்த தண்ணீர்த் துளிபோல் மேலே உருண்டு நின்றால் அது ஒட்டியதுபோல் தெரிகிறதே தவிர உள்ளே பிடிக்கவில்லை. ஒட்டின் ஓரம் நெடுக வாய்க்கால் வெட்டியதுபோல் பள்ளம் இருந்தால் ஆம்பியர் அதிகம். அங்கிருந்துதான் முறிவு தொடங்கும். ஊசித் துளைகள் இருந்தால் அழுக்கோ ஈர ராடோ காரணம். ஒட்டு முடியும் முனையில் குழியும் அதில் நட்சத்திரம் போன்ற விரிசலும் இருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். அந்தக் குழியை நிரப்பச் சொன்னால் அரை நிமிடத்தில் நிரப்பித் தருவார்.

தண்ணீர் நிற்க வேண்டிய பாத்திரம், தொட்டி என்றால் ஒட்டின் ஒரு பக்கம் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுங்கள். மெல்லிய இடுக்கிலும் அது ஊர்ந்து போகும். அரை மணி நேரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரக்கறை தெரிந்தால் அந்தப் புள்ளியைச் சாக்கட்டியால் குறித்து, துடைத்து, மண்ணெண்ணெய் வாடை முழுக்கப் போகும்படி நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே வெல்டரிடம் திருப்பிக் கொடுங்கள்.